கல்யாண வீட்டுக் கொடிக்கம்பியில் கறண்ட்

பழைய வீட்டு வேலைக்கு யாராவது உங்களைக் கூப்பிட்டால், முதலில் அந்த வீட்டுப் பெண்களிடம் பேசுங்கள். வீட்டுக்காரரிடம் பிறகு பேசலாம். எங்கே மின்விசிறி வேண்டும், வாசலில் எத்தனை பல்ப் எரிய வேண்டும் என்று அவர் ஆசையாகச் சொல்லுவார். எந்தச் சுவர் மாரியில் ஊறுகிறது, எந்தச் சுவிச்சைத் தொட்டால் விரல் விறைக்கிறது, கூரையில் எந்தப் பக்கம் எலி ஓடுகிறது என்று கேட்டால் விழிப்பார். அதையெல்லாம் அறிந்தவர்கள் அடுப்படியில், குசினிக்குள் இருப்பார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை, அவர்களாகச் சொன்னாலும் யாரும் காதில் போடுவதில்லை.

நீங்கள் இப்போதுதான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களிடம் மீட்டர் இருக்கிறது. கறண்ட் ஒழுகினால் தானாகவே விழுகிற சுவிச்சும் இருக்கிறது. அறுபதுகளில் வன்னியில் வேலை செய்த எனக்கு இருந்தது, இரண்டு துண்டு வயரில் தொங்கிய ஒரு பல்பும் என் வாயும்தான். வாய்க்கு எனக்கு அப்போதும் குறைவில்லை, இப்போதும் இல்லை.

நான் தாசன், முல்லைத்தீவுக் கரையில் பிறந்த கத்தோலிக்கன். கடலுக்குப் போகாமல் கறண்ட் பிடிக்கப் போனவன் என்று எங்கள் சனம் என்னைப் பகிடி பண்ணும். வவுனியாவில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை பழகி, அவருடைய வசவுகள் அத்தனையையும் மனப்பாடம் செய்த பிறகு, சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஆள் வந்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்று வவுனியாவின் பெரிய வீட்டுக்காரர்கள் நம்பிய காலம் அது. உள்ளூர்க்காரனைப் பியூஸ் போட மட்டும் கூப்பிடுவார்கள்.

அப்படியிருக்கும்போது குளக்கட்டுக்கு அண்மையில் இருந்த ஒரு விதானையார், அரசாங்கம் வைத்த ஊர்த்தலைவர், என்னைக் கூப்பிட்டார். அவருடைய மகள் மனோன்மணிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை யாழ்ப்பாணம். வீட்டின் மின்வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்தே ஆள் அனுப்புவதாக மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லியிருந்தார். அவர் சுருட்டுக்கொட்டில் நடத்தும் முதலாளி, நாலு பேருக்குக் கட்டளையிட்டே பழகியவர். விதானையார் அதற்கு இணங்கவில்லை.

"பல்ப் போனா நான் யாழ்ப்பாணத்துக்குத் தந்தி அடிச்சுப்போட்டு இருட்டுக்குள்ளை இருக்கிறதே?" என்று கேட்டாராம். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அந்த வீட்டில் என் வேலை நன்றாக அமைந்தால் ஊரில் இருந்த பழைய வீடுகள் எல்லாம் எனக்குத் திறக்கும். பிழைத்தால் திரும்பவும் பியூஸ்தான்.

வீடு பெரியது. செங்கல் சுவர், பனை வளை, ஓட்டுக் கூரை. பட்டினத்துக்கு மின்சாரம் வந்த புதிதில் வெளியூர்க்காரர் ஒருவர் சுவர் நெடுக இரும்புக் குழாய் அடித்து, அதற்குள் ரப்பர் வயர் இழுத்திருந்தார். ஓட்டுக்குக் கீழே வன்னி வெயிலில் வெந்த ரப்பர் காய்ந்த பேக்கரிப் பாண் மாதிரி உதிரும். முழுவதையும் மாற்ற வேண்டும் என்றேன். முன்பக்கத்தை இப்போது செய், குசினிப் பக்கம் கல்யாணத்துக்குப் பிறகு பார்ப்போம் என்றார் விதானையார். ஒழுகும் கறண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயரைப் பார்த்தேன். லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் என் பல்ப் பளிச்சென்று எரிந்தது. சரி என்று முன்பக்கத்துக்குப் புது வயர் இழுத்தேன், மெயின் சுவிச்சை மாற்றினேன், விறாந்தையில் மின்விசிறி தூக்கினேன். விதானையார் மின்விசிறிக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர், சாப்பிடத்தான் எழும்பினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒழுங்குகளைப் பார்க்க முன்கூட்டியே வந்திருந்தார்கள். நான் வாசல் பந்தலில் ஏறி நின்று வண்ண பல்ப்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்வளவில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பெரியம்மா குளித்த ஈரத்தோடு நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவருடைய ஈரச்சேலை மண்ணில் கிடக்கிறது. குசினிச் சுவரிலிருந்து மாமரத்துக்கு இழுத்திருந்த கொடிக்கம்பியில் சேலையைப் போடக் கையை உயர்த்தியிருக்கிறார், கம்பி அடித்துவிட்டது. அந்தக் கம்பியின் ஒரு முனையை யாரோ ஒரு காலத்தில் சுவரில் ஓடிய இரும்புக் குழாயிலேயே கட்டிவிட்டிருந்தார்கள்.

விதானையார் வந்தார். கம்பியைப் பிடித்துப் பார்த்தார். பெரியப்பாவும் பிடித்துப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஒண்டுமில்லை. பெண்டுகளின்ரை பயம்," என்றார் விதானையார். "கலியாண வீட்டிலை ஓடித் திரிஞ்ச களைப்பு."

உண்மையைச் சொல்லுகிறேன், அந்தக் கணத்தில் எனக்கு அவருடைய பேச்சு தேனாக இனித்தது. தலையை ஆட்டிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பியிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும். ஆனால் என் கண் அவர்களுடைய காலில் போய் விழுந்தது. ஆண்கள் இருவரும் செருப்போடு காய்ந்த தரையில் நின்றார்கள். பெரியம்மா வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றவர். நான் என் செருப்பைக் கழற்றினேன், ஈரத்தில் நின்று விரலின் பின்புறத்தால் கம்பியை மெல்லத் தட்டினேன். சுளீர் என்றது. நீங்கள் இப்படிச் செய்து பார்க்காதீர்கள், உங்களுக்குக் கருவி இருக்கிறது.

ஓடிப்போய் மெயினை இறக்கினேன். மின்விசிறி நின்றது. ரேடியோவில் பாட்டு பாதியில் நின்றது. பந்தலில் நின்றவர்கள், தேங்காய் துருவியவர்கள், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகளே, சபை நடுவில் மெயினை இறக்குகிறவன் பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொள்வது போலத்தான் தெரிவான். தெரிந்துவிட்டுப் போகட்டும். முதலில் இறக்குங்கள், நியாயம் பிறகு பேசலாம்.

"நான் அப்பவே சொன்னனான், எங்கடை பக்கத்தாலை ஆள் எடுப்பம் எண்டு," என்றார் பெரியப்பா. குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "விடிய எங்கடை சனம் பஸ்ஸிலை வந்து இறங்கப்போகுது. குழந்தையளும் வருகுது. இந்த வீட்டுக்குள்ளை ஒருத்தரையும் நான் விடன். கலியாணத்தைத் தள்ளிப் போடுங்கோ விதானையார்."

"நாள் குறிச்ச கலியாணம். எப்பிடித் தள்ளுறது?"

"தாலி கட்ட முதலே வீட்டிலை ஆள் விழுந்திட்டுது. நல்லதுக்கில்லை எண்டு சனம் கதைக்கும். பிறகு உங்கடை பிள்ளைக்குத்தான் கெட்ட பேர்."

தள்ளிப்போட்ட கல்யாணம் எத்தனை தடவை நின்றே போயிருக்கிறது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். விதானையாரின் முகம் கறுத்துவிட்டது. குசினி வாசலில் மனோன்மணி சுவரைப் பிடித்தபடி நின்றாள். இந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. என் பெயர் போவது ஒரு பக்கம். என் கை பட்ட வீட்டில் கறண்ட் அடித்ததற்கு அந்தப் பிள்ளையின் ராசியைக் குற்றம் சொல்லப் போகிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, பொழுதுபடும் மட்டும் எனக்கு விடுங்கோ," என்றேன். "அதுக்குள்ளை சரிவராட்டி நானே இந்த வீட்டு வயரை அறுத்துப்போட்டுப் போறன். பெற்றோல்மாக்ஸ் கொளுத்திக் கலியாணத்தை நடத்துங்கோ."

எர்த்தை மெயினிலிருந்து கழற்றி, மெயினுக்கு வரும் லைனுக்கும் அதற்கும் இடையில் பல்ப் பிடித்துப் பார்த்தேன். எரியவில்லை. வேலை தொடங்கிய அன்று பளிச்சென்று எரிந்த அதே எர்த். அப்போதே விளங்கிவிட்டது. குசினிப் பக்கத்துப் பழைய வயரில் கறண்ட் எப்போதிருந்தோ குழாய்க்குள் ஒழுகியிருக்கிறது, எர்த் அதை மண்ணுக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்திருக்கிறது. எர்த் அறுந்ததும் ஒழுகிய கறண்டுக்குப் போக்கிடம் இல்லை. குழாயில் நின்றது, கொடிக்கம்பியில் நின்றது. ஆனால் மண்ணுக்குள் கிடந்த வயர் எப்படி அறுந்தது?

ஆண்களைக் கேட்டேன். "இந்தக் கிழமை வளவிலை எங்கையாவது வெட்டினீங்களோ?"

"பந்தல்கால் முன்னுக்கு நட்டம். பின்னுக்கு ஒரு மண்வெட்டியும் படேல்லை," என்றார் விதானையார். அவருடைய தம்பியும் அதையே சொன்னார். பொய் சொல்லும் ஆட்கள் அல்ல அவர்கள்.

மனோன்மணி மெல்ல வாயைத் திறந்தாள். "அண்ணை, எனக்கு நேற்றும் அடிச்சது. அம்மாவுக்கும் அடிச்சது. அப்பாட்டைச் சொன்னனாங்கள்."

"அதுக்கு முதல்?"

"முந்தநாள் காலமை உடுப்புக் காயப்போட்டனான். ஒண்டும் செய்யேல்லை."

பாருங்கள், என் பல்ப் சொல்லாததை அந்தப் பிள்ளை சொன்னாள். முந்தநாள் காலைக்கும் நேற்றைக்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருக்கிறது. நான் ஆண்களை விட்டுவிட்டு அவளுடைய தாயாரிடம் போனேன். வெட்டினீர்களா, கிண்டினீர்களா என்று கேட்கவில்லை.

"அம்மா, முந்தநாள் காலமையிலையிருந்து இந்த வளவிலை என்னென்ன நடந்தது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

அவா விரலை மடக்கி மடக்கிச் சொன்னா. காலையில் உடுப்புத் தோய்த்தது. பலகாரத்துக்கு மா இடித்தது. தட்டார் வந்து தாலிக்குப் பொன்னுருக்கியது. அந்தக் கையோடு கன்னிக்கால் ஊன்றியது. பின்னேரம் வாழைக்குலை வந்து இறங்கியது.

"கன்னிக்கால் எண்டா என்னம்மா?"

அவா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு நான் எந்த ஊரான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. அங்கே மஞ்சள் துணி கட்டிய முள்முருக்கந் தடி ஒன்று நிமிர்ந்து நின்றது, அடியில் பால் ஊற்றிய கறை இருந்தது. சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு முன் வளவின் வடகிழக்கு மூலையில் இப்படி ஒரு தடியை ஊன்றுவார்கள். அந்த மூலையைத்தான் கிணற்றுக்கும் விடுவார்கள். வன்னியில் ஆவணியில் கிணற்றடியைப் போல வேறெங்கும் மண் ஈரமாக இருக்காது. ஆகவே எர்த் புதைக்க வந்த வெளியூர்க்காரரும் அதே மூலையைத்தான் பிடித்திருக்கிறார். சுவரிலிருந்து இறங்கிய எர்த் வயர் நேரே அந்தத் தடியின் அடிக்குத்தான் போனது.

"இதுக்கு நிலத்தை வெட்டினீங்களோ?" என்று விதானையாரின் தம்பியைக் கேட்டேன்.

"அலவாங்காலை குத்திக் குழி எடுத்தன். ஏதோ வேர் தடக்கினது, ரெண்டு இடி இடிச்சன், அறுந்திட்டுது."

"வெட்டேல்லை எண்டு சொன்னீங்களே?"

அவர் உண்மையாகவே திகைத்தார். "தம்பி, அது சடங்கெல்லோ. அதை ஆரும் வளவு வேலையிலை சேர்க்கிறதே?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் நின்ற நிலையில் சிரித்தால் அடிதான் விழும்.

இப்போது எல்லோரும் கன்னிக்காலையும் நான் கையில் எடுத்திருந்த அந்த அலவாங்குக் கடப்பாரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தடியைப் பிடுங்கினால் அறுந்த வயரை எடுத்து முடிச்சுப் போட்டுவிடலாம், சின்ன வேலை. விதானையார் அதற்குக்கூட உடன்பட்டிருப்பார், அவ்வளவு நொந்திருந்தார். ஆனால் ஊன்றிய கன்னிக்காலைக் கல்யாணத்துக்கு முன் பிடுங்கினால் அந்தத் தாய் எப்படி நிம்மதியாக மகளை மணவறைக்கு அனுப்புவா? எங்கள் கோயிலில் ஏற்றிய கொடியைத் திருநாளுக்கு முன் இறக்கச் சொன்னால் என் தாய் எப்படித் துடிப்பாவோ அப்படித்தான். வீட்டை வெளிச்சமாக்க வந்தவனுக்கு வீட்டார் கும்பிடுவதில் கை வைக்க உரிமை இல்லை.

"அது அப்பிடியே நிக்கட்டும்," என்றேன். "எனக்குப் புது எர்த் புதைக்க வேறை ஈரம் வேணும். குசினிக் கழுவல் தண்ணி எங்கை போகுது?"

"வாழையடிக்கு," என்றா மனோன்மணியின் அம்மா.

பெரியப்பா குறுக்கிட்டார். "கன்னிக்கால் ஊண்டின வளவிலை இனிப் புதுசாக் குழி வெட்டுறது சரியில்லை."

அம்மா அதுவரைக்கும் அவருக்கு முன்னால் நிமிர்ந்து ஒரு சொல் பேசியதில்லை. சம்பந்தி வீட்டுப் பெரியவர். அன்றைக்குப் பேசினா.

"வாழை வைக்கக் குழி வெட்டுறது நல்ல காரியம்தானே அண்ணை? தம்பி, நீ வெட்டு. நான் வாழைக்குட்டி கொண்டாறன்."

வெட்டினேன். ஆழத்தில் கறுத்த ஈர மண் வந்தது. மிச்சமாகக் கிடந்த துத்தநாகம் பூசிய குழாயை இறக்கி, மண் கறண்டை நன்றாக வாங்கட்டும் என்று கல்யாணச் சமையலுக்கு வந்த கரியையும் ஆனையிறவு உப்பையும் அள்ளிக் கொட்டினேன். விளிம்பில் அம்மா வாழைக்குட்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றினா. அந்த உப்பில் வாழை பிழைக்கவில்லை என்பது வேறு கதை. புது எர்த்தில் பல்ப் பிடித்தேன். வெயிலையும் மீறி எரிந்தது. சுற்றி நின்றவர்கள் "ஆ" என்றார்கள்.

"பிறகென்ன, மெயினைப் போடு," என்றார் விதானையார். பெரியப்பாகூட, "ஓம், போடட்டும்," என்றார்.

நான் போடவில்லை. இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். எல்லோரும் திருப்தியாகி, உங்களை மெச்சத் தொடங்கி, சுவிச்சைப் போடு என்று சொல்லும் நேரம்தான் ஆபத்தான நேரம். எர்த் கிடைத்துவிட்டது, கறண்ட் ஒழுகுவது அப்படியே இருந்தது. திரும்பவும் மூடி வைப்பது திருத்துவது ஆகாது. கூரைக்குள் ஏறிப் பார்த்தேன். குசினிக்குப் போன வயரில் ரப்பர் உதிர்ந்து செம்பு குழாயில் சாய்ந்து கிடந்தது, மிச்சத்தை எலி தின்றிருந்தது. அந்த வயரை முழுவதும் அறுத்து இறக்கினேன். குசினிக்குப் புது வயர் வேண்டும். கடை தேடி ஓட நேரமில்லை. இருந்த வயர் எல்லாம் வாசல் பந்தலில் வண்ண பல்ப்களோடு தொங்கியது.

விதானையாருக்கு அந்த வாசல் அலங்காரம் உயிர். "வாசல் இருட்டாக் கிடந்தா சனம் கதைக்கும் தாசன்," என்றார்.

"கதைக்கட்டும். குசினியிலை கறண்ட் அடிச்சாச் சனம் சாகும்," என்றேன். வாய் என்று சொன்னேனே, அது இதுதான்.

அவர் என்னை முறைத்தார். பிறகு மகளைப் பார்த்தார், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஏணியைத் தானே தூக்கி வந்து பந்தலில் சாத்தினார். வண்ண பல்ப்களை நான் ஒவ்வொன்றாகக் கழற்ற, அவர் கீழே நின்று வாங்கிப் பெட்டியில் அடுக்கினார். பெரியப்பா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து வயரைச் சுருட்டினார்.

சூரியன் குளத்துக்கு அப்பால் இறங்கும் வேளை மெயினைப் போட்டேன். பல்பால் பார்த்து உறுதி செய்த பிறகு, வாளித் தண்ணீரை என் காலில் ஊற்றிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் கொடிக்கம்பியை முழுக்கையால் பிடித்தேன். ஒன்றுமில்லை. அம்மா வந்து பிடித்தா, மனோன்மணி பிடித்தாள். பெரியம்மா மட்டும் எட்டி நின்றா.

"முதல் இவர் பிடிக்கட்டும்," என்றா கணவரைக் காட்டி. "செருப்பைக் கழட்டிப்போட்டு."

பெரியப்பா செருப்பைக் கழற்றினார். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பியைப் பிடித்தார். கண்ணைத் திறந்தபோது பெரியம்மா சிரிக்கத் தொடங்கினா. அந்தச் சிரிப்பு குசினிக்குள் போய்ப் பலகாரம் சுட்டவர்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. ரேடியோ மறுபடி பாடியது. பிள்ளைகளே, அந்த நேரம் எனக்கு ஊர்வலத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கிய சனம் வாசல் இருட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. குசினி வெளிச்சத்தைத்தான் பேசினார்கள். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு. மனோன்மணியின் கழுத்தில் தாலி ஏறியபோது மேளச் சத்தத்தில் நான் மெயினுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு கை சுவிச்சில். அது தேவைப்படவில்லை.

பந்திச் சாப்பாட்டில் பெரியப்பா என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். பாயாசம் வந்த பிறகு, இலையைப் பார்த்தபடி சொன்னார்.

"தாசன், எங்கடை வீடும் பழசுதான். குசினிச் சுவரிலை கை வைக்கேலாமல் கிடக்கு எண்டு இவா போன மாரியிலையிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் கேக்கேல்லை." பாயாசத்தை ஒரு வாய் எடுத்தார். "எப்ப வருவீர்?"

வன்னிக்காரனை யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குக் கூப்பிடுகிறார். நான் பாயாசத்தைக் குடித்து முடிக்கும் வரைக்கும் அவரைக் காக்க வைத்தேன்.

"வாற கிழமை வாறன் ஐயா," என்றேன். "ஆனா நான் வரேக்கை பெரியம்மா வீட்டிலை நிக்கோணும். நீங்கள் கொட்டிலுக்குப் போனாலும் பறவாயில்லை."